டப்பாவில் 2,000 பக்கம்... மெஷினில் எத்தனை?

டோனர் கணக்கு தெரியாமல் ஜெராக்ஸ் கடையும் வக்கீல் ஆபீசும் அரசு அலுவலகமும் இழப்பது என்ன? மதுரையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

திங்கட்கிழமை காலை பத்து மணி. மதுரை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். பேரையூர், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என நாலா பக்கமிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள், சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கையில் மஞ்சப்பை. உள்ளே பட்டா, நில வரைபடம், ஆதார் அட்டை, முன்பு கொடுத்த மனுவின் நகல், அதற்கு வந்த பதிலின் நகல். மனு எழுதி முடித்தாயிற்று. இணைப்புகளை ஜெராக்ஸ் போட்டுவிட்டால் வரிசையில் போய் நின்றுகொள்ளலாம்.

பழைய பத்திரம் ஒன்று மங்கலாக விழுகிறது. "எழுத்தே தெரியலையே தம்பி... கொஞ்சம் கறுப்பாப் போட்டுக் குடுப்பா. ஆபீசர் திருப்பி அனுப்பிருவாரு" என்கிறார் பெரியவர். கடைப் பையன் அடர்த்தியை இரண்டு படி ஏற்றுகிறான். எழுத்து தெளிவாகிறது. கூடவே தாளின் பழுப்பும் மடிப்பும் கறையும் கறுத்து வருகின்றன. அடுத்து ஒருவர் தடித்த புத்தகத்தை விரித்து வைக்கிறார். மூடி மூடாது. நாலு ஓரமும் கரிக்கட்டையாக வருகிறது பக்கம். சற்று நேரத்தில் மெஷின் நின்றுபோகிறது. டோனர் தீர்ந்துவிட்டது. வரிசை காத்திருக்கிறது.

மதுரையில் எந்த ஜெராக்ஸ் கடையில் பேச்சுக் கொடுத்தாலும், எந்த அலுவலகத்தின் ஸ்டோர் பிரிவில் விசாரித்தாலும் கேட்கிற புகார் ஒன்றுதான். "டப்பாவுல இத்தனை ஆயிரம் பக்கம்னு போட்டிருக்கான். பாதிகூட வரலை." கம்பெனி ஏமாற்றுகிறது என்பார்கள். டீலர் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டான் என்பார்கள். மெக்கானிக் மேல் சந்தேகம், வேலை பார்க்கும் பையன் மேல் சந்தேகம். இவற்றில் சில உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பெரும்பாலான இடங்களில் விடை கண்ணாடி மேல் வைக்கிற தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் எத்தனை சதவீத இடம் கறுப்பு? அதைப் பொறுத்துத்தான் டோனரின் ஆயுள். அந்தச் சதவீதத்தைத்தான் 'கவரேஜ்' என்கிறார்கள். டப்பாவில் போட்டிருக்கும் பக்கக் கணக்கு, குறிப்பிட்ட ஒரு கவரேஜுக்கு மட்டுமே பொருந்தும் எண். பைக் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜ் கீழமாசி வீதி நெரிசலில் கிடைக்காது என்று தெரிந்தே பைக் வாங்குகிறோம். டோனர் விஷயத்தில் மட்டும் அந்தத் தெளிவு நமக்கு இன்னும் வரவில்லை.

5 சதவீதம் என்பது எவ்வளவு?

டோனர் என்பது மை அல்ல, மிக நுண்ணிய பிளாஸ்டிக் பவுடர். நிறத்துக்குக் கார்பன், பல வகைகளில் காந்தத்தன்மைக்கு இரும்பு ஆக்சைடு, இளகி ஒட்டுவதற்குப் பிசின். ஒரு துகளின் அளவு பெரும்பாலும் 5 முதல் 10 மைக்ரான்தான். மெஷினுக்குள் இருக்கும் டிரம்மின் மேல் மின்னூட்டத்தால் ஒரு படம் உருவாகிறது. அந்த இடத்தில் மட்டும் பவுடர் ஒட்டுகிறது. அது தாளுக்கு மாறி, சூடான உருளைகளுக்கு நடுவே உருகிப் பதிகிறது. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் எடுத்த முதல் நகலும் இதே தத்துவத்தில் விழுந்ததுதான். 1959-ல் ஜெராக்ஸ் 914 இயந்திரம் சந்தைக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் பெயரே நம் ஊரில் தொழிலின் பெயராகிவிட்டது.

ஆக, கறுப்பு இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் பவுடர் செலவு. ஒரு ஏ4 தாளின் பரப்பு 62,370 சதுர மில்லிமீட்டர். அதில் 5 சதவீதம் ஏறத்தாழ 3,120 சதுர மில்லிமீட்டர். பக்கத்தில் உள்ள எழுத்தையெல்லாம் சுரண்டி ஒரே இடத்தில் அப்பினால், நீளமும் அகலமும் 5.6 சென்டிமீட்டர் உள்ள ஒரு கறுப்புச் சதுரம் கிடைக்கும். அவ்வளவுதான். லெட்டர்பேடில் நாலைந்து பத்தி, சுற்றிலும் தாராளமான மார்ஜின், கீழே ஒரு கையெழுத்து என்று அமைந்த ஓர் அலுவலகக் கடிதம் சுமாராக இந்த அளவுக்கு வரும்.

பக்கக் கணக்கு நேர்விகிதம்தான். 5 சதவீதத்தில் 2,000 பக்கம் தரும் டோனர், 10 சதவீதத்தில் 1,000 பக்கம் தரும். 20 சதவீதத்தில் 500. டப்பாவில் உள்ள எண்ணை 5-ஆல் பெருக்கி, உங்கள் கவரேஜால் வகுத்தால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய பக்கம் வந்துவிடும். நடைமுறையில் அதற்கும் கொஞ்சம் குறையும். ஏனென்றால் டிரம்மில் ஒட்டிய பவுடர் முழுவதும் தாளுக்குப் போவதில்லை. மிச்சத்தை பிளேடு வழித்து வேஸ்ட் பின்னில் தள்ளிவிடும். தொடர்ச்சியாக ஓடும்போது இந்தச் சேதம் குறைவு. ஒரு காப்பி, நிறுத்தம், இன்னொரு காப்பி, நிறுத்தம் என்று ஓடும்போது சேதம் கூடும். ஜெராக்ஸ் கடை மெஷினின் வாழ்க்கையே அப்படித்தானே?

பெட்டிச் செய்தி: அந்த எண் எப்படி வருகிறது?

2004 வரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வசதியான பக்கத்தை அச்சடித்துப் பார்த்து '5 சதவீதத்தில் இத்தனை பக்கம்' என்று போட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டில் வெளியான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 19752 என்ற சர்வதேசத் தரநிலை, கறுப்பு-வெள்ளை டோனருக்குப் பொதுவான ஒரு சோதனையை வகுத்தது. குறைந்தது 3 பிரிண்டர்கள், ஒவ்வொன்றிலும் 3 கார்ட்ரிட்ஜ்கள், ஆக 9. குறிப்பிட்ட ஒரே சோதனைப் பக்கத்தை, எழுத்து மங்கும்வரை அல்லது மெஷின் நிற்கும்வரை, தொடர்ச்சியாக அச்சடிக்க வேண்டும். அறை வெப்பம் 23 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி. கிடைத்த சராசரியை அப்படியே போடுவதில்லை. புள்ளியியல்படி 90 சதவீத நம்பகத்தோடு சொல்லக்கூடிய கீழ்மட்ட எண்ணையே அறிவிக்க வேண்டும். கலர் டோனருக்கு 19798 என்ற தனித் தரநிலை இருக்கிறது.

இந்தச் சோதனை நேர்மையானது. ஆனால், அந்தச் சோதனைப் பக்கத்தில் ஆங்கில எழுத்துதான். தமிழ் இல்லை, பழைய பத்திரமும் இல்லை.

எந்தத் தாள் எவ்வளவு குடிக்கும்?

இங்கேதான் பலரும் தவறாகக் கணிக்கிறார்கள். கண்ணுக்குக் கனமாகத் தெரிவது வேறு, டோனரைக் குடிப்பது வேறு.

சர்வேயர் தரும் எஃப்.எம்.பி. நில வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோடுகளும் சில எண்களும்தான். சிக்கலாகத் தோன்றினாலும் கவரேஜ் ஓரிரு சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆதார் அட்டை? போட்டோ, பட்டை, கியூ.ஆர். கட்டம் எல்லாம் இருப்பதால் அதிகம் செலவாகும் என்று நினைப்போம். அட்டையின் அளவு 85.6-க்கு 54 மில்லிமீட்டர். இரண்டு பக்கத்தையும் ஒரே ஏ4-ல் போட்டாலும் தாளில் 15 சதவீத இடத்தைத்தான் அடைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு கறுத்தால்கூட மொத்தம் 5 சதவீதம். அதாவது, தரநிலைக் கணக்கேதான்.

பவுடரைக் காலி செய்வது மூடாத மூடி. மூடியின் உள்பக்கம் வெள்ளையாக இருப்பதே, தாள் இல்லாத இடத்திலிருந்தும் ஒளி திரும்பி வருவதற்காகத்தான். மூடி திறந்திருந்தால் ஒளி திரும்பாது. மெஷின் அதைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்ளும். ஒரு ஏ4 பக்கத்தின் நாலு ஓரமும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்குக் கறுத்தால், அந்தச் சட்டத்தின் பரப்பு மட்டும் 23 சதவீதம். உள்ளே உள்ள எழுத்தைவிட நாலு மடங்கு பவுடரை, யாருக்கும் பயன்படாத அந்த ஓரம் தின்றுவிடும். பல காப்பியர்களில் இந்த ஓரத்தை அழிக்கத் தனி வசதி இருக்கிறது. 'ஃப்ரேம் எரேஸ்', 'புக் எரேஸ்' என்ற பெயர்களில் மெனுவில் இருக்கும். பல்கலைக்கழக வாசல்களிலும் டி.என்.பி.எஸ்.சி. பயிற்சி மையங்களைச் சுற்றியும் நாள் முழுக்கப் புத்தகப் பக்கமாகவே எடுக்கும் கடைகள், இந்த ஒரு பொத்தானைப் பழகிக்கொண்டாலே டோனர் செலவு கண்கூடாகக் குறையும். அதுவும் இல்லாத பழைய மெஷினா? புத்தகத்தின் மேல் ஒரு பெரிய வெள்ளை அட்டையைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

அடுத்தது 'நகலின் நகல்'. முதல் நகலில் விழுந்த லேசான சாம்பல் நிறம், இரண்டாவதில் கொஞ்சம் கூடும். மூன்றாவதில் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். முத்திரைத்தாளின் பின்னணி வண்ணமும் அப்படித்தான். எழுத்து 5 சதவீதம், பின்னணி 10 சதவீதம் என்றால் அந்தப் பக்கம் 15 சதவீதப் பக்கம். அடர்த்தியை ஏற்றுவதற்குப் பதில் 'டெக்ஸ்ட்' முறைக்கு மாற்றி, பின்னணியை நீக்கும் வசதியைப் பயன்படுத்தினால் எழுத்து தெளிவாகும், டோனரும் மிஞ்சும். கலெக்டர் ஆபீஸ் வாசலில் அந்தப் பெரியவர் கேட்டது தெளிவைத்தான். கறுப்பைத் தந்தது நம் பழக்கம்.

இன்னொன்று, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ். பெரிய போட்டோ, கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்து. இது 40 சதவீதக் கவரேஜ் என்று வைத்துக்கொண்டால், 2,000 பக்கம் போட்ட டப்பா 250 நோட்டீஸில் தீர்ந்துவிடும். 'பக்கத்துக்கு 2 ரூபாய்' என்று வாய்க்கணக்கில் ஆர்டர் எடுத்தவருக்கு இதில் கைக்காசு போகும்.

எழுத்துருவும் சும்மா இல்லை. 2014-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பள்ளி மாணவர் ஒருவர், மெல்லிய எழுத்துருவுக்கு மாறினால் அரசுக்குப் பெரும் மைச் செலவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அது பெரிய செய்தியானது. அந்த எழுத்துரு அதே புள்ளி அளவில் சிறியதாக விழுவதால்தான் மிச்சம் தெரிகிறது என்று அச்செழுத்து வல்லுநர்கள் மறுத்தார்கள். தமிழிலும் இதே கதைதான். 'லதா'வில் 12 புள்ளியும் 'விஜயா'வில் 12 புள்ளியும் ஒன்றல்ல. விஜயா சிறியதாக, மெலிதாக விழும். படிக்கும் அளவுக்குப் பெரிதாக்கினால் மிச்சத்தில் ஒரு பகுதி போய்விடும். ஆகவே, எழுத்துருவை மாற்றிப் பெரிதாக மிச்சம் பிடிக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். பத்தி முழுவதையும் 'போல்ட்' ஆக்கும் பழக்கத்தை விட்டாலே போதும். நம் அலுவலகச் சுற்றறிக்கைகளில் பாதி அப்படித்தான் வருகின்றன.

ஒத்தக்கடை பக்கம் ஒரு வழக்குக் கட்டு

2004 ஜூலை 24 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. கன்னியாகுமரி முதல் திருச்சி வரையிலான வழக்குகள் மேலூர் ரோட்டுக்கு வந்தன. வழக்கோடு காகிதமும் வந்தது. நீதிமன்றத்துக்கு, எதிர்த்தரப்பு ஒவ்வொருவருக்கும், வக்கீலின் கோப்புக்கு, கட்சிக்காரருக்கு என ஒவ்வொரு ஆவணத் தொகுப்பும் பல பிரதிகள் போக வேண்டும்.

ஒரு சொத்து வழக்கு என்று வைத்துக்கொள்வோம். 120 பக்கத் தொகுப்பு, 6 பிரதி. மொத்தம் 720 பக்கம். அலுவலகத்தில் இருப்பது சாதாரண மேஜை பிரிண்டர். இந்தியாவின் சிறு அலுவலகங்களில் வெகுவாகப் புழங்கும் ஹெச்.பி. 12ஏ கார்ட்ரிட்ஜுக்கு அறிவித்துள்ள கணக்கு 2,000 பக்கம். 720 பக்கம் போக, பாதிக்கு மேல் மிஞ்சும் என்றுதான் ஜூனியர் நினைப்பார். ஆனால் தொகுப்பில் பெரும்பகுதி பழைய பத்திரம், வில்லங்கச் சான்று, கீழ்க் கோர்ட் உத்தரவின் நகலின் நகல். சராசரி 15 சதவீதம் என்றால் அந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது 666 பக்கம். ஒரே ஒரு வழக்குக் கட்டை முடிக்கக்கூடப் போதாது. ஃபைலிங்குக்கு முந்தின நாள் இரவு எழுத்து மங்குவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

தாளின் அளவும் சேர்ந்துகொள்கிறது. லீகல் தாளின் பரப்பு ஏ4-ஐவிட 23 சதவீதம் பெரியது. அதே சதவீதக் கவரேஜ் என்றாலும் பவுடர் அத்தனை கூடுதலாகப் போகும். உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரல் 1 முதல் ஏ4 தாளில், இருபுறமும் அச்சிட்டுத் தாக்கல் செய்யும் முறையைக் கொண்டுவந்தது. 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, இடமும் வலமும் 4 சென்டிமீட்டர் மார்ஜின் என்று அளவுகளையும் வகுத்தது. காகிதத்தைக் காப்பாற்றும் நல்ல முடிவு. ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இருபுற அச்சால் தாள் பாதியாகும். டோனர் ஒரு துளியும் குறையாது. டப்பாவில் '2,000 பக்கம்' என்றால் அது 2,000 முகம். இருபுறம் அடித்தால் 1,000 தாள்தான்.

'ஒரு காப்பிக்கு இத்தனை பைசா'

இந்தக் கணக்கு தெரியாததால் விழும் பெரிய அடி, அலுவலகங்கள் போடும் வாடகை மற்றும் பராமரிப்பு ஒப்பந்தங்களில் விழுகிறது. மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவு வங்கி, நூற்பாலை அலுவலகம் என்று எங்கு பார்த்தாலும் காப்பியரைச் சொந்தமாக வாங்குவதைவிட, மீட்டர் ரீடிங்குக்குப் பணம் கட்டும் முறை பரவியிருக்கிறது. மெஷின், டோனர், டிரம், சர்வீஸ் எல்லாம் டீலர் பொறுப்பு. காப்பிக்கு இத்தனை பைசா. கேட்பதற்கு எளிமையாக இருக்கும். கவரேஜ் பற்றிய வரி ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15,000 பக்கத்துக்கு ஒரு டோனர் என்று ஒப்பந்தம், 5 சதவீதக் கவரேஜ். அலுவலகம் மாதம் 10,000 காப்பி எடுக்கிறது. வருடத்துக்கு 1,20,000. ஒப்பந்தப்படி 8 டோனர் போதும். அந்த அலுவலகத்தின் உண்மையான கவரேஜ் 8 சதவீதம் என்றால், ஒரு டோனர் 9,375 பக்கத்திலேயே தீர்ந்துவிடும். வருடத்துக்கு 13 டோனர் வேண்டும். கூடுதலாகத் தேவைப்படும் அந்த 5 டோனருக்கு யார் பணம் கொடுப்பது?

அலுவலகம் கொடுத்தால் பட்ஜெட் ஓட்டையாகும். ஆடிட்டில் கேள்வி வரும். ஸ்டோர் கீப்பர் மேல் பழி விழும். டீலர் தலையில் விழுந்தால் அவர் அதை வேறு வழியில் சரிக்கட்டப் பார்ப்பார். டோனர் கேட்டால் இழுத்தடிப்பார், மட்டமான பவுடரை ஊற்றுவார். டிரம் கெடும், காப்பி மங்கும், சண்டை வரும். இரண்டு தரப்பும் நேர்மையாக இருந்தும்கூட இப்படி முறிந்துபோன ஒப்பந்தங்கள் உண்டு. கையெழுத்துப் போட்ட அன்று இருவருமே கவரேஜைப் பேசவில்லை என்பதுதான் காரணம்.

அரசு டெண்டர்களில் இன்னொரு பொறி இருக்கிறது. 'டோனர் ஒன்றின் விலை' என்று கேட்டால் விலை குறைந்தவர் ஜெயிப்பார். ஹெச்.பி. லேசர்ஜெட் பி2055 பிரிண்டரில் 05ஏ, 05எக்ஸ் இரண்டும் பொருந்தும். அறிவித்த கணக்குப்படி ஏ வகைக்கு 2,300 பக்கம், எக்ஸ் வகைக்கு 6,500 பக்கம். எக்ஸ் இரு மடங்கு விலை விற்றால்கூட, பக்கத்துக்கு அதுதான் மலிவு. 'ஒன்றின் விலை' பட்டியலில் அது தோற்றுப்போகும். சில காப்பியர் விலைப்பட்டியல்களில் பக்கக் கணக்கை 6 சதவீதக் கவரேஜில் போட்டிருப்பார்கள். 6 சதவீதத்தில் 15,000 பக்கம் என்பது, 5 சதவீதத்தில் 18,000 பக்கத்துக்குச் சமம். இரண்டு பட்டியலில் ஒரே 15,000 இருந்தாலும் சரக்கு ஒன்றல்ல. எந்தத் தரநிலை, எத்தனை சதவீதம் என்ற இரண்டும் இல்லாத பக்க எண்ணை ஒப்பிடவே கூடாது. புது பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜ் பல மாடல்களில் குறைவாக நிரப்பியது என்பதையும் மறக்க வேண்டாம். முதல் டப்பா சீக்கிரம் தீர்ந்ததை வைத்து மெஷினையே குறை சொல்லுவோர் உண்டு.

கடைக்காரர் பாடு

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளில் ஒரு பக்க நகலுக்கு 2 ரூபாய். பக்கம் வெளுப்பா, கறுப்பா என்று விதி பார்ப்பதில்லை. ஜெராக்ஸ் கடைக்கு வரும் வாடிக்கையாளரும் பார்ப்பதில்லை. வெள்ளைப் பக்கத்தில் கிடைக்கும் லாபம் கறுப்புப் பக்கத்தில் கரைகிறது.

ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் 4,000 ரூபாய், 2,000 பக்கம் என்று வைத்துக்கொண்டால், 5 சதவீதத்திலேயே பவுடருக்கு மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய். 15 சதவீதத்தில் 6 ரூபாய். இந்தக் கணக்கில் எந்தக் கடையும் பிழைக்க முடியாது. ஆகவேதான் கடைகள் பெரிய காப்பியருக்குப் போகின்றன. அதில் 3,000 ரூபாய் டோனர் 15,000 பக்கம் வந்தால் பக்கத்துக்கு 20 பைசா. கறுப்பு 20 சதவீதமானால் 80 பைசா. அதற்கு மேல் தாள், டிரம், டெவலப்பர், பிளேடு, கரன்ட், கடை வாடகை. தாங்கும், ஆனால் இழுபறியாகத்தான் தாங்கும்.

மேஜை பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு ரீஃபில்தான் கதி. இதை ஏதோ திருட்டு வேலை போலப் பார்க்கத் தேவையில்லை. விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின் மேல் காப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று, லெக்ஸ்மார்க் நிறுவனம் தொடர்ந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 2017 மே 30 அன்று தீர்ப்பளித்தது. ஆனால் ரீஃபிலில் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள். 12ஏ வகைக்குச் சந்தையில் கிடைக்கும் பவுடர் புட்டிகள் பெரும்பாலும் 100 கிராமை ஒட்டியவை. 2,000 பக்கத்துக்கு 100 கிராம் என்றால் பக்கத்துக்கு 50 மில்லிகிராம். 70 கிராம் மட்டும் ஊற்றினால் 1,400 பக்கம்தான். நிரப்புவதற்கு முன்னும் பின்னும் கார்ட்ரிட்ஜைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். உள்ளேயே இருக்கும் வேஸ்ட் அறையைக் காலி செய்தபின் முதல் எடை போட வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பும். எல்லா மெஷினுக்கும் ஒரே பவுடர் என்று சொன்னால் ஒதுங்கிவிடுவது நல்லது. உருகும் வெப்பமும் மின்னூட்டமும் மாடலுக்கு மாடல் மாறும்.

பெட்டிச் செய்தி: உங்கள் கவரேஜை நீங்களே கண்டுபிடிக்க

புது டோனர் போட்ட அன்று மீட்டர் ரீடிங்கைக் குறித்துவையுங்கள். தீர்ந்த அன்று மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிடைத்த பக்கம். டப்பாவில் உள்ள எண்ணை 5-ஆல் பெருக்கி, கிடைத்த பக்கத்தால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 2,000 பக்க டோனரில் 1,150 பக்கம் வந்தால் உங்கள் சராசரிக் கவரேஜ் 8.7 சதவீதம். முழுதாக நிரப்பிய கார்ட்ரிட்ஜுக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

சில மெஷின்கள் இதைத் தாமே கணக்கிட்டு வைத்திருக்கும். கியோசெராவின் ஸ்டேட்டஸ் பக்கத்தை அச்சடித்தால் சராசரிக் கவரேஜ் வரும். கணினியில் இருக்கும் பி.டி.எஃப். கோப்புகளுக்கு, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருள் பக்கவாரியாக மைப் பரப்பைக் காட்டும்.

சித்திரை வெயில், ஐப்பசி ஈரம்

தரநிலைச் சோதனை நடக்கும் 23 டிகிரி அறை, மதுரையில் ஏ.சி. போட்டால்தான் உண்டு. சித்திரையில் வெளியே 40 டிகிரியைத் தொடும் நாட்களில், தகரக் கூரைக் கடைக்குள் மெஷினின் சூடும் சேர்ந்துகொள்ளும். டோனர் பிளாஸ்டிக்தானே? வெயில் படும் அலமாரியில் வைத்த புட்டியில் பவுடர் கட்டிதட்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சிக்கல் வேறு மாதிரி வரும். ஈரக்காற்றில் பவுடரின் மின்னூட்டம் குறைந்து, வெள்ளை இடத்திலும் லேசாகப் படியும். மெக்கானிக்குகள் இதை 'பேக்ரவுண்ட் அடிக்குது' என்பார்கள். தாளும் ஈரத்தைக் குடித்திருந்தால் பவுடர் சரியாக மாறாது, வேஸ்ட் பின் சீக்கிரம் நிறையும். கரூர் காகிதபுரத்திலும் மணப்பாறை மொண்டிப்பட்டியிலும் ஆலைகள் வைத்திருக்கும் டி.என்.பி.எல். தாளானாலும் சரி, வேறு தாளானாலும் சரி, ரீமின் உறையை மொத்தமாகக் கிழித்து வைக்காமல் தேவைக்கு எடுப்பது மழைக்காலத்தில் டோனரையும் மிச்சப்படுத்தும்.

'டோனர் லோ' அறிவிப்பைக் கண்டவுடன் டப்பாவைத் தூக்கிப் போடுவதும் வேண்டாம். பல மேஜை பிரிண்டர்களில் அந்த அறிவிப்பு பவுடரை எடைபோட்டு வருவதில்லை. இதுவரை எத்தனை புள்ளி அச்சடித்தோம் என்று எண்ணி வருகிறது. எழுத்து மங்காதவரை ஓட்டலாம். தரநிலைச் சோதனைகூட எழுத்து மங்குவதைத்தான் முடிவாக எடுத்துக்கொள்கிறது.

தீர்ந்த டப்பா எங்கே போகிறது?

குப்பைத் தொட்டிக்கு. அப்படிப் போகக் கூடாது என்பது சட்டம். மின்னணுக் கழிவு விதிகளில் பிரிண்டர், கார்ட்ரிட்ஜ், நகல் இயந்திரம் எல்லாமே அடக்கம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகளின்படி, மறுசுழற்சிக்கு உற்பத்தியாளர்தான் பொறுப்பு. கவரேஜ் தெரியாமல் 8 டோனருக்குப் பதில் 13 டோனர் வாங்கும் அலுவலகம், காசை மட்டும் இழக்கவில்லை, 5 காலி டப்பாக்களையும் கூடுதலாக உருவாக்குகிறது.

வேஸ்ட் பின்னைக் கடைவாசலில் தட்டும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். கார்பன் பிளாக் துகளைப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை. ரீஃபில் செய்பவர்கள் நாள் முழுக்க அதை மூச்சோடு இழுக்கிறார்கள். மாஸ்க் அணியுங்கள். சிந்திய பவுடரை ஈரத்துணியால் துடையுங்கள். கை கழுவப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீரில் பவுடர் இளகி ஒட்டும்.

மதுரையில் காப்பியர் வாங்கப்போகும், வாடகைக்கு எடுக்கப்போகும் அலுவலகங்களுக்கும் டெண்டர் எழுதும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதம் உங்கள் அலுவலகத்தில் அடித்த பக்கங்களில் நூறை எடுத்து டீலர் முன்னால் வையுங்கள். அந்தப் பக்கங்களின் கவரேஜுக்கு எத்தனை காப்பி வரும் என்று எழுத்தில் கேளுங்கள். ஏ3-க்கும் லீகலுக்கும் எத்தனை காப்பி என்ற கணக்கு, கவரேஜ் மீறினால் யார் பொறுப்பு என்ற இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கடைக்காரர்களே, படமும் கறுப்புப் பட்டையும் உள்ள பக்கத்துக்குத் தனிக் கட்டணம் என்று பலகையில் எழுதி வையுங்கள். காரணத்தைச் சொன்னால் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வார். மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். அடுத்த டோனர் மாற்றும்போது தேதியையும் மீட்டர் ரீடிங்கையும் அதில் எழுதத் தொடங்குங்கள்.